வென்ற பாட்டும் மலையேறாத பாட்டும்

மலைமீது ஒரு பாட்டுக் கேட்கிறது. கணவன் அழைக்கிறான், மனைவி நடக்கிறாள். குரலிலே தேன், இசையிலே குழைவு, சொல்லிலே காதல். கேட்பவர் கண்மூடிக் கிறங்குகின்றனர். ஆனால் அவன் அவளை அழைத்துச் செல்வது பூஞ்சோலைக்கு அன்று, கொலைக்களத்துக்கு. உச்சியை அடைந்ததும் உண்மையை உரைக்கிறான்: “உன்னைத் தள்ளிக் கொல்லத்தான் இங்கே கொண்டுவந்தேன்.” அவள் கதறவில்லை; காலைப் பிடித்துக் கெஞ்சவுமில்லை. கடைசியாக வலம்வந்து வணங்க வேண்டுமென்று இசைவு கேட்கிறாள். வலம் வருகிறாள். பின்புறம் வந்ததும் அவனையே உருட்டித் தள்ளுகிறாள்!

1950இல் வெளிவந்த ‘மந்திரிகுமாரி’ படத்திலே இடம்பெற்ற காட்சி இது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த படம், கலைஞர் மு. கருணாநிதி தீட்டிய உரையாடல், ஜி. ராமநாதன் அமைத்த இசை. திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் தந்த குரல். கதையின் வேர் பழந்தமிழ்ப் பெருங்காப்பியமாம் குண்டலகேசியில் இருக்கிறது. அங்கே வணிகன் மகள் பத்திரை. அவளைக் கொல்ல அழைத்துச் செல்பவன் காளன் என்னும் கள்வன். படத்திலோ கொலைகாரன் யார்? இராசகுருவின் மகன்! காப்பியத்துக் கள்வனுக்குக் குருபீடத்துக் குலக்கொழுந்தின் கோலம் பூட்டியதிலேதான் அன்றைய எழுத்தின் கூர்மை இருந்தது.

பாட்டு வென்றது. ஊர்தோறும் ஒலித்தது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், இன்னும் மணவீட்டுப் பந்தலிலே அதை ஒலிபரப்புவோர் உண்டு. மணமக்களை வாழ்த்த, மனைவியைக் கொல்லப் போகிறவன் பாடிய பாட்டு! இசையின் இனிமை, பாட்டு எங்கே அழைத்துச் செல்கிறது என்ற கேள்வியை விழுங்கிவிட்டது. ஆகவே தோழர்களே, 1950 முதல் 1959 வரையிலான பத்தாண்டில் வெற்றிவாகை சூடிய திரைப்பாடல்களை நாம் திரும்பிப் பார்க்கும்போது, “எது இனித்தது?” என்பதோடு நில்லாமல், “எது எங்கே அழைத்துச் சென்றது? யாரை அழைத்துச் சென்றது? யாரை வழியிலே விட்டுச் சென்றது?” என்றும் கேட்போம்.

* * *

ஒரு பாட்டு வென்றது என்று எதை வைத்துச் சொன்னார்கள்?

வடபுலத்து இந்திப் பாடல்களுக்கு ஓர் அளவுகோல் இருந்தது. 1952ஆம் ஆண்டின் இறுதியிலே இலங்கை வானொலியில் அமீன் சயானி நடத்தத் தொடங்கிய ‘பினாக்கா கீத் மாலா’, சில ஆண்டுகளில் வாரந்தோறும் பாடல்களை வரிசைப்படுத்தி, முதலிடம் இதற்கு, இரண்டாமிடம் அதற்கு என அறிவிக்கும் நிகழ்ச்சியாக வளர்ந்தது. இசைத்தட்டு விற்பனையும் நேயர்களின் விருப்பமும் அந்த வரிசைக்கு அடிப்படை. பெயரிலே இருந்த பினாக்கா ஒரு பற்பசை. பற்பசை விற்பதற்காகப் பாட்டை வரிசைப்படுத்தினார்கள் என்று சொன்னாலும் தவறாகாது.

தமிழுக்கு அத்தகைய அரியணை அந்நாளில் அமையவில்லை. இசைத்தட்டு எத்தனை விற்றது, படம் எத்தனை வாரம் ஓடியது, கொட்டகை வாயிலிலே பாட்டுப் புத்தகம் எத்தனை பேர் கையில் ஏறியது, வானொலிக்கு எத்தனை அஞ்சலட்டை போயிற்று: இவையே அளவுகோல்கள். இவற்றை உற்று நோக்குங்கள். இசைத்தட்டு வாங்க வேண்டுமானால் வீட்டிலே கிராமபோன் வேண்டும். வானொலிப் பெட்டி வைத்திருக்க விலையும் வேண்டும், உரிமக் கட்டணமும் வேண்டும். அஞ்சலட்டை எழுத எழுத்தறிவு வேண்டும். இந்த எண்ணிக்கை அளந்தது செவிகளை அன்று, பணப்பைகளை! களத்துமேட்டிலே கதிரடித்தவன் பாடிய பாட்டை எவரும் எண்ணவில்லை. அவன் வாங்கவில்லையே!

ஆனால் அறிவியல் விந்தையானது. ஒருவனுக்கென்று ஆக்கப்பட்டதை ஊருக்கே உரியதாக்கும் ஆற்றல் அதற்குண்டு. ஒலிபெருக்கி வந்தது. தேநீர்க்கடைப் பலகையிலே வானொலி வந்தது. ஊராட்சி மன்றத்திலே பொது வானொலிப் பெட்டி வந்தது. கீற்றுக்கொட்டகையின் உச்சியிலிருந்து, படம் தொடங்கும் முன்னரே, வாங்காதவன் காதிலும் இசைத்தட்டுப் பாடத் தொடங்கியது. அரக்கிலே செய்த கரிய தட்டு. பக்கத்துக்கு மூன்று மணித்துளி அளவே பாடும். அந்த மூன்று மணித்துளிக்குள் அடங்க வேண்டியிருந்ததால் ஆலாபனையின் அகலம் சுருங்கிற்று. சொல் முன்னுக்கு வந்தது. சொல் முன்னுக்கு வந்ததும், “என்ன சொல்கிறாய்?” என்ற கேள்வியும் கூடவே வந்தது.

* * *

அந்தக் கேள்வி வருமுன் வென்றவை எவை என்பதையும் காண்போம்.

நம் கள்ளக்குறிச்சி அன்று தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. 1993இல் விழுப்புரம் மாவட்டத்துக்குச் சென்று, 2019இல்தான் தனி மாவட்டமாயிற்று. அதே பழைய தென்னார்க்காட்டிலேதான் தில்லையும் இருக்கிறது. தில்லையென்றதும் நந்தன் நினைவுக்கு வருகிறான். 1935இல் வந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராகவே நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஓர் இலட்சம் ரூபாய் என்பது அக்காலத்தையே மலைக்க வைத்த செய்தி. ஒப்பற்ற குரல், ஐயமில்லை. ஒரு பெண், அதுவும் உயர்சாதிப் பீடத்தில் பிறவாத பெண், அந்தக் குரலாலேயே அந்த உயரத்தை எட்டினார் என்பதிலே நமக்குப் பெருமையும் உண்டு. ஆனால் கதை என்ன? உழைத்த உழவன், கோயிலுக்குள் நுழையத் தகுதி பெறத் தீயிலே புக வேண்டும். உடல் எரிந்தால்தான் தீட்டு நீங்கும்! கேட்டவர் கண்ணீர் வடித்தனர். கொளுத்தியது எது என்று கேட்டவர் சிலரே.

கேட்டவர் கலைவாணர். அறிஞர் அண்ணா கதை எழுதி 1949இல் வெளிவந்த ‘நல்லதம்பி’ படத்திலே, என்.எஸ். கிருஷ்ணன் ‘கிந்தனார்’ காலட்சேபம் நிகழ்த்தினார். அதே காலட்சேப மேடை, அதே கதை சொல்லும் பாங்கு. ஆனால் நந்தன் தில்லைக்குப் போக ஏங்கினான். கிந்தன் படிக்க ஏங்கினான். நந்தன் தீக்குள் இறங்கினான், கிந்தன் ரயிலேறினான்! பட்டணம் போய்ப் படித்தான். கல்வி அதிகாரியாக ஊர் திரும்பினான். ஒருவன் சோதியிலே மறைந்தான். மற்றவன் ஊரார் முன் நிமிர்ந்து நின்றான். சிரிக்கச் சிரிக்கச் சொல்லப்பட்ட அந்தக் கதையினுள்ளே ஒரு நூற்றாண்டின் கணக்குத் தீர்க்கப்பட்டது.

1944இன் தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’, சென்னை பிராட்வே திரையரங்கிலே மூன்று தீபாவளிகளைக் கண்டது. எம்.கே. தியாகராச பாகவதரின் குரலுக்கு நாடே மயங்கிக் கிடந்த காலம் அது. அதற்குச் சற்று முன்னே, 1941இல், அதே தென்னார்க்காட்டு அண்ணாமலை நகரில் தமிழிசைக் கிளர்ச்சி முளைத்தது. 1943இல் சென்னையிலே தமிழ் இசைச் சங்கம் தோன்றிற்று. தமிழ்நாட்டு மேடையிலே தமிழ்ப் பாட்டுப் பாடுவதற்கே ஓர் இயக்கம் தேவைப்பட்டதென்றால், அன்றைய இழிநிலையை எண்ணிப் பாருங்கள்! தந்தை பெரியார் அந்தக் கிளர்ச்சியை ஆதரித்தார். ஆனால் அதோடு ஒரு குத்தூசியும் வைத்தார்: தமிழிலே பாடினால் மட்டும் போதுமா? பாட்டின் பொருள் பழைய புராணமாகவே இருந்தால் தமிழன் அடையும் பயன் என்ன? மொழி மாறிற்று, கருத்து மாறவில்லை என்றால், அடிமைக்குத் தாய்மொழியிலே தாலாட்டுப் பாடியதாகத்தானே முடியும்!

* * *

1950களின் பாட்டு, பெரியாரின் அந்தக் கேள்விக்குப் பாதியளவு விடை.

1952இல் ‘பராசக்தி’ வந்தது. பசித்தவன் ஒருவன் காக்கைகளைக் காண்கிறான். கிடைத்த உணவை மறைக்காமல், கரைந்து இனத்தை அழைத்து உண்கிற பறவை. பதுக்கி வைத்துப் பக்கத்து வீட்டான் பசியைப் பாராத மனிதன். உடுமலை நாராயணகவி எழுதி, சி.எஸ். ஜெயராமன் பாடிய அந்தப் பாட்டிலே தத்துவச் சுமை இல்லை. வடசொல் ஆரவாரம் இல்லை. வள்ளுவர் காட்டிய காக்கைதான், திரையிலே பறந்து தெருவுக்கு வந்தது. பிச்சைக்காரனும் பாடலாம், பேராசிரியரும் பாடலாம்.

இப்படித் தமிழ்ப் பாட்டுத் தலைநிமிர்ந்த அதே 1952இல், தில்லியிலே பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார். திரைப்பாட்டு மக்களின் சுவையைக் கெடுக்கிறது என்பது அவர் கருத்து. அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டு குறைக்கப்பட்டது. படத்துறையினரோடு பிணக்கு முற்றி, ஏறக்குறைய மறைந்தே போயிற்று. சாத்திரிய சங்கீதம் கேளுங்கள், அதுவே உயர்ந்தது என்றது அரசு. மக்கள் என்ன செய்தார்கள்? விவாதிக்கவில்லை. முள்ளைத் திருப்பினார்கள்! கடல்கடந்து கொழும்பிலிருந்து வந்த சிற்றலையிலே தமிழ்ப் பாட்டு ஒலித்தது. மயில்வாகனனின் அறிவிப்புக் குரல் தமிழ்நாட்டு வீடுகளிலே உறவினர் குரலாயிற்று. மக்களின் செவியை அரசாணையால் பூட்ட முடியாதென்பதை ஐந்தாண்டு கழித்துத் தில்லியும் உணர்ந்தது. 1957 அக்டோபர் 3ஆம் நாள் விவித பாரதி பிறந்தது. ஓர் அமைச்சரை எதிர்த்து, ஊர்வலமின்றி, உண்ணாநோன்பின்றி, வானொலித் திருகைத் திருகியே மக்கள் வென்ற அறப்போர் அது.

ஆனால் இதிலும் ஒரு கசப்பு உண்டு. அதை மறைத்தல் ஆகாது. கொழும்பு வானொலி தமிழ்ப் பாட்டை நம் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளிலேதான், 1956இல், இலங்கை நாடாளுமன்றம் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் இயற்றியது. வணிகத்துக்குத் தமிழ் வேண்டும். ஆட்சிக்குத் தமிழ் வேண்டாம்! பாட்டை விரும்புகிறவன் பாடுகிறவனின் உரிமையையும் விரும்புவான் என்று நம்பிவிடக்கூடாது. இந்தப் பாடத்தை மனத்திலே வையுங்கள்; மலைக்குச் செல்லும்போது மீண்டும் வேண்டியிருக்கும்.

* * *

அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியை வயலிலிருந்து வந்த கவிஞர்கள் ஆண்டனர் எனலாம்.

1957இல் ‘மக்களைப் பெற்ற மகராசி’. கே.வி. மகாதேவன் இசையிலே டி.எம். சௌந்தரராஜன் பாடிய உழவுப் பாட்டு. மாடு எங்கே வாங்குவது, எப்படி உழுவது, விளைந்ததை எந்தச் சந்தைக்குக் கொண்டுபோவது என்று ஓர் உழவனின் ஆண்டுக் கணக்கு முழுதும் அதிலே அடங்கியது. எழுதியவர் அ. மருதகாசி. கள்ளக்குறிச்சிச் சீமையிலே ஏர் பிடித்தவன் அதைக் கேட்டபோது, ‘என் வேலையும் பாட்டுக்குப் பொருளாகுமா!’ என்று வியந்திருப்பான். கடவுளர் திருமணமும் காவலர் களியாட்டமும் மட்டுமே பாடுபொருள் என்றிருந்த நிலை மாறி, கலப்பையும் களமும் வெற்றிப் பாட்டாயின.

பிறகு பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். உழவர் இயக்கத்திலே தோள்கொடுத்தவர்; பாவேந்தர் பாரதிதாசனை ஆசானாகக் கொண்டவர். 1958 ஆகஸ்டில் வெளிவந்த எம்.ஜி.ஆரின் ‘நாடோடி மன்னன்’ படத்திலே அவர் எழுதிய இரு பாட்டுக்களை எண்ணுங்கள். ஒன்று, உறங்கிச் சோம்பிக் கிடக்கும் இளைஞனைத் தட்டி எழுப்புவது. மற்றொன்று, உழைக்கும் ஆணும் பெண்ணும் பேசிக்கொள்வது: இவ்வளவு விளைந்தும் நம் கை ஏன் வெறுங்கையாகவே இருக்கிறது என்று அவள் கேட்கிறாள். பொருளியல் பேராசிரியன் தடித்த நூலிலே கேட்கும் கேள்வியை, அவள் நடந்துகொண்டே கேட்கிறாள்! 1930இல் பிறந்து, 1959 அக்டோபர் 8ஆம் நாள், முப்பது நிறையுமுன்னே மறைந்தார் கல்யாணசுந்தரம். திரையிலே அவர் எழுதிய காலம் நான்கைந்து ஆண்டு. அதற்குள் அவர் சொற்கள் தொழிலாளியின் உதட்டிலே குடியேறிவிட்டன.

இத்தனையும் சொல்லிவிட்டு, குறையைச் சொல்லாமல் விட்டால் நாம் பகுத்தறிவாளர் அல்லர்; வேறொரு வகைப் பக்தர்! அதே பத்தாண்டிலே, கணவன் காலடியே மனைவியின் கோயில் என்ற வகைப் பாட்டுக்களும் வென்றன. விதியே என்று நெஞ்சில் கைவைத்து அழுத பாட்டுக்களும் வென்றன. இன்னொன்றும் நடந்தது. பாட்டெழுதியவன் பெயர் பாட்டுப் புத்தகத்தின் மூலையிலே தங்கிவிட, வாயசைத்த நடிகரின் பெயரே மக்கள் நெஞ்சில் பதிந்தது. ‘இது யார் பாட்டு?’ என்று கேட்டால் நடிகர் பெயரைச் சொல்லும் வழக்கம் அன்று தொடங்கி இன்றுவரை நீள்கிறது. உழைத்தவன் பெயர் மறைந்து உடுத்தவன் பெயர் நிலைப்பதைத்தானே அந்தப் பாட்டுக்களே எதிர்த்தன! திரைப்படத்தைப் பெரியார் ஐயத்தோடே நோக்கியதன் காரணம் இங்கே விளங்குகிறது. சிலையை உடைத்த கையே புதிய சிலையையும் வடிக்கும்.

* * *

இனி மலைக்கு வருவோம்.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் நிற்கிறது. கடுக்காயும் சாமையும் தினையும் விளையும் மலை. கோமுகியாறு பிறக்கும் மலை. மறுபுறச் சரிவு சேலம் மாவட்டத்திலே இறங்குகிறது. ‘மந்திரிகுமாரி’ எடுத்த படநிலையம் இருந்த அதே சேலம். வெள்ளிமலையைச் சுற்றிய ஊர்களிலே வாழ்வோர் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். பெயர்தான் மலையாளி, மொழி தமிழ். மண்ணும் மரமும் அவர்கள் உழைப்பு, உரிமையோ ஜாகீர்தார்களிடம். இந்த ஆளுகை எந்த ஆண்டு முடிந்ததென்று எண்ணுகிறீர்கள்? 1947இலா? 1950இலா? இல்லை, தோழர்களே! 1976இலேதான் அரசு அந்த மலையைத் தன்பால் எடுத்துக்கொண்டது.

1958ஐ நினைத்துப் பாருங்கள். நாடோடி ஒருவன் மன்னனாகி, மக்களாட்சிக்கு வழிகோலுகிற கதை சமவெளியெங்கும் ஓடுகிறது. மன்னராட்சி மறையும் காட்சியிலே மக்கள் கைதட்டுகின்றனர். விளைந்தும் வெறுங்கை ஏன் என்று பாட்டுக் கேட்கிறது. அப்படி ஓடிய சமவெளியிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியும் தொலைவிலே, ஜாகீர் ஆட்சி நடக்கிறது. மேலும் பதினெட்டு ஆண்டு நடக்கப் போகிறது! நம் இயக்கத்தின் பாட்டு கடல்கடந்து கொழும்பு போய்த் திரும்பி வந்தது; ஆனால் கண்ணெதிரே நின்ற மலைமேல் ஏறவில்லை. மின்கம்பி போகாத இடத்துக்குப் பாட்டும் போகவில்லை. பாட்டுப் போகாத இடத்துக்கு வாக்குக் கேட்பவனும் விரைந்து போகவில்லை. இது பிறரைக் குற்றஞ்சாட்டச் சொன்னதன்று. நம்மைநாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

மலையிலே பாட்டு இல்லையா? அண்மையில் ஒருநாள் நாம் வகுப்பிலே மாணவரிடம், உங்கள் வீட்டார் விரும்பும் பழைய பாட்டு ஒன்றை எழுதி வாருங்கள் என்றோம். எல்லோரும் திரைப்பாட்டே எழுதி வந்தனர். மலையூரிலிருந்து வந்து விடுதியிலே தங்கிப் படிக்கும் ஒரு மாணவியின் தாள் மட்டும் வெறுமையாக இருந்தது. கேட்டோம். தலைகுனிந்து சொன்னாள்: “எங்க ஆயா சாமை குத்தும்போது ஒண்ணு பாடும் சார். ஆனா அது பாட்டு இல்லைங்க.”

அது பாட்டு இல்லையாம்! யார் கற்பித்தார்கள் அவளுக்கு? நூல் கற்பிக்கவில்லை; ஆசிரியரும் வாய்திறந்து சொல்லவில்லை. எண்ணப்படுவதே பாட்டு, தட்டிலே பதிந்ததே பாட்டு, வரிசையிலே இடம்பெற்றதே பாட்டு என்று காலம் கற்பித்துவிட்டது. தீட்டு என்று ஒரு சொல் நந்தனை வெளியே நிறுத்தியது. ‘அது பாட்டு இல்லை’ என்ற எண்ணம் அந்த மூதாட்டியை வெளியே நிறுத்துகிறது. தடை வேறு, வேலை ஒன்றே.

அவளை அடுத்த விடுமுறைக்குப் பின் அந்தப் பாட்டைக் கேட்டு எழுதி வரச் சொன்னோம். எழுதி வந்தாள். அதை வகுப்பிலே படித்தாள். தொடக்கத்திலே நடுங்கிய குரல், முடிவிலே நடுங்கவில்லை. அந்தப் பாட்டை இங்கே அச்சிட மாட்டோம். அது அந்த மூதாட்டியின் உடைமை. அவர் இசைவின்றி எடுத்தாள நாம் ஜாகீர்தாரர் அல்லர்.

* * *

இன்று வானொலித் தரவரிசை இல்லை. கைபேசித் திரையிலே கோடி பார்வை, இருகோடி பார்வை என்று எண்கள் ஓடுகின்றன. கருவி மாறிற்று, கணக்கு மாறவில்லை. எண்ணுகிறவன் எதை எண்ணுகிறானோ அதுவே வென்றதாகிறது. இளைஞனோ எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் பாட்டையே கேட்கிறான்!

தோழர்களே! 1950களின் பாட்டைப் போற்றுவோம். ஆனால் பூசை செய்ய வேண்டாம். ஒரு பாட்டை விரும்பினால், எழுதியவர் பெயரைத் தேடிச் சொல்லுங்கள்; அது உழைப்புக்குச் செய்யும் நன்றி. இனிய குரல் அழைத்தால், எங்கே அழைக்கிறது என்று கேளுங்கள். மந்திரிகுமாரி மலையுச்சியிலே கற்ற பாடம் அது. மலைக்குப் போங்கள், மேடை போட அன்று, கேட்க. அங்கே குத்தும் உலக்கையோடும் விதைக்கும் கையோடும் இருக்கும் பாட்டுக்களை, பாடுவோரின் இசைவோடு, பாடுவோரின் பெயரோடு எழுதி வையுங்கள்.

கிந்தன் ரயிலேறினான், அது நல்லதம்பியின் காலத்து வெற்றி. அந்த மாணவி பேருந்திலே மலையிறங்கி வந்து படிக்கிறாள். இது நம் காலத்து வெற்றி. படித்து முடித்து அவள் மலையேறும் நாளில், “எங்க ஆயா பாடுவது பாட்டுத்தான்” என்று ஐயமின்றிச் சொல்ல வேண்டும். அன்றுதான் அந்தப் பழைய பாட்டுக்கள் கேட்ட கேள்விக்கு நாம் விடை சொன்னவர்களாவோம்.